ஏழரை மணிக்கு யார் முகம்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. ரூபிக்குக் கண் ஆபரேஷன் ஆகி இன்று மூன்றாம் நாள். வலது கண், புரை. கட்டு பிரித்தாயிற்று, கறுப்புக் கண்ணாடி. சொட்டு மருந்து மூன்று புட்டி. வெள்ளை மூடி நாளைக்கு ஆறு தடவை, ரோஸ் மூடி நாலு, பச்சை மூடி இரண்டு. ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்து நிமிஷம் விட வேண்டும். முப்பத்தொரு வருஷம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவனுக்கு இந்த டைம்டேபிள் பிடிபட இரண்டு நாளாயிற்று.

"கையக் கழுவுனீங்களா?" ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி. ரிடையரான நர்ஸைக் கட்டிக்கொண்டவன் பாடு.

ஒரு வாரத்துக்குக் கூடாதவை (ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டியிருக்கிறேன்): குனிவது. தலைக்கு ஊற்றுவது. அடுப்படி. கண்ணைக் கசக்குவது. அழுவது. டிவி.

முதல் ஐந்துக்கும் அவள் வாய் திறக்கவில்லை. டிவி என்றதும் ஒப்பாரி. "அப்ப கோதை கதி என்னாவறதுங்க?"

கோதை எங்கள் உறவுக்காரி இல்லை. ஏழரை மணி சீரியலின் கதாநாயகி. நேரத்திலேயே சனி இருக்கிறது. சீரியல் பார்க்கிறவர்களை நான் பேசாத பேச்சில்லை. ஏழரைக்குப் பேப்பரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனால் எட்டுக்குத்தான் வருவேன். வருஷக்கணக்காக இதுதான் பழக்கம்.

இன்று மாட்டிக்கொண்டேன். டாக்டர் பார்க்கக் கூடாது என்றுதான் சொன்னார், கேட்கக் கூடாது என்று சொல்லவில்லையாம். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க கூட இருந்து சொல்லுங்க."

"அதான் சத்தம் கேக்குதே. நான் எதுக்கு?"

"உக்காந்து பாருங்க, தெரியும்."

தெரிந்தது. அரை மணி நேரத்தில் பேச்சு ஏழெட்டு நிமிஷம். மீதி விளம்பரமும் முகமும். ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னால் சுற்றி நிற்கிற ஒன்பது பேர் முகத்தையும் ஆளுக்கு மூன்று தடவை காட்டுகிறார்கள், இடிச் சத்தத்தோடு. சுவரைப் பார்த்தபடி ரூபி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"ஏனுங்க, இப்ப யாரு மொகம்?"

"அத்தை."

"எந்த அத்தை?"

"கண்மை அப்பின அத்தை."

"எப்படிப் பாக்கறா?"

"முறைக்கிறா."

"மொறைக்கறாளா, தெகைக்கறாளா? பாத்துச் சொல்லுங்க."

கதை: ரைஸ் மில்லுக்காரரின் ஒரே பெண் கோதை. ஒரு டிரைவரைக் கட்டிக்கொண்டாள். போன வாரம் மில்லுக்காரர் கல்யாண மண்டபத்தில் அத்தனை பேர் நடுவே மருமகனைத் திருடன் என்று சொல்லிவிட்டார், அட்டிகையைக் காணோமென்று. இன்று அட்டிகை அவருடைய பீரோவிலேயே, பட்டு வேஷ்டிக்கு அடியில். அவர்தான் வைத்து மறந்திருக்கிறார். அட்டிகையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறார். தொடரும்.

மார்க்: நூற்றுக்கு முப்பது. அந்த முப்பதும் கண்மை அத்தைக்காக. (கூட்டல் தப்பு. இருபது கதைக்கு, பத்து அத்தைக்கு.)

எட்டரைக்கு ஷீபா போன், சென்னையிலிருந்து. ஏழாம் மாதம் முடியப்போகிறது. ஸ்பீக்கரில் போட்டாள் ரூபி.

"அம்மா, இங்கயே ஆஸ்பத்திரில ரெஜிஸ்டர் பண்ணிட்டேன்மா."

"ஏன்டி? தலைப்பிரசவம் தாய் வீட்லதானே? அதுக்குத்தானே நான் கண்ண இப்பவே பண்ணிக்கிட்டேன்."

"அவர் அங்க வரமாட்டார்மா. அவர் வராத எடத்துல நான் மட்டும் எப்படி மூணு மாசம் இருப்பேன்?"

நான் சமையலறைக்குப் போய் ஒன்றுமில்லாத பாத்திரத்தைக் கழுவினேன்.


ஜூலை 8, செவ்வாய்

தூறல், காற்று. இட்லி ஊற்றினேன்; கல். ரூபி மூன்று சாப்பிட்டாள். பால்காரருக்கு நாளைக்கு அரை லிட்டர் கூடச் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டு ஜயம்மா பிஸிபேளேபாத் கொண்டுவந்தார். வாசலிலேயே கன்னடத்தில் விசாரணை. "மகளு பரலில்வா ஸார்?" மகள் வரவில்லையா என்று. மாதம் ஏறிவிட்டது, பிரயாணம் கூடாது என்று ஏதோ சொன்னேன். போகும்போது ஆறுதலாக ஒரு வார்த்தை: "பேஜார் மாட்கோபேடி ஸார்." வருத்தப்படாதீர்கள் என்று அர்த்தம். நல்ல மனுஷி. என்னைத்தான் அந்த வார்த்தை சுட்டது.

இந்த வார்த்தையைப் பற்றி இங்கே எழுதியே ஆக வேண்டும். மைசூரில் பேஜார் என்றால் வருத்தம், மனசு கஷ்டம். கன்னடக்காரர்கள் நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார்கள், இங்கே இருக்கிற தமிழர்களும் அப்படித்தான் சொல்வோம். மெட்ராஸில் பேஜார் என்றால் தொல்லை, இம்சை.

இரண்டரை வருஷத்துக்கு முன் ஷீபாவும் மாப்பிள்ளை ஆல்வினும் கல்யாணமான புதிதில் பத்து நாள் வந்து தங்கினார்கள். கிளம்புகிற அன்று நான் உள்ளறையில் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "மாப்பிள்ளை வந்துட்டுப் போறது ஒரே பேஜார்ப்பா" என்றேன். சார்ஜரை எடுக்க வந்தவன் கதவருகே நின்றிருந்தான். கேட்டுவிட்டான். அவன் மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவன்.

"போறது கஷ்டமா இருக்குன்னுதானே சொன்னாரு. நம்மூர்ல அப்படித்தானே பேசுவோம்." ரூபி அன்றிலிருந்து எல்லாரிடமும் இதைத்தான் சொல்லிவருகிறாள். மகளிடம், மாப்பிள்ளையிடம், சம்பந்தி அம்மாவிடம். மைசூர் பேஜாரை மெட்ராஸ் பேஜார் என்று புரிந்துகொண்டான், பாவம். சபையில் கூட இதை ஒரு வேடிக்கைக் கதை மாதிரிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவன் அதற்கப்புறம் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஷீபா கிறிஸ்துமஸுக்குத் தனியாக வருவாள், இரண்டு நாள்.

ஏழரை மணி சீரியல்: மில்லுக்காரர் அட்டிகையைத் திரும்ப பீரோவிலேயே வைத்துப் பூட்டிவிட்டார்! தான் சொன்னது தப்பென்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மருமகன் திருடனாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்தில், "இவனெல்லாம் ஒரு மனுஷனா? ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற பல்லா கொட்டிப்போகும்?" என்று சத்தமாகவே கத்திவிட்டேன்.

ரூபி சுவரைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "பாத்தீங்களா, நீங்களும் பைத்தியமாயிட்டீங்க."

மார்க் பத்து. இவ்வளவு கேவலமான ஆள் உலகத்தில் கிடையாது என்பதால் நம்பும்படி இல்லை.

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.


ஜூலை 9, புதன்

வெயில் கொஞ்சம். துணி காய்ந்தது. ரோஸ் மூடி மருந்து தீரப்போகிறது, நாளை வாங்க வேண்டும். ஷீபாவுக்கு மைசூர் பாகு பார்சல் அனுப்பலாமா என்றாள் ரூபி. மாசமாக இருக்கும்போது சர்க்கரை வேண்டாம் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

இன்று செய்ததை எப்படி எழுதுவது.

எபிசோட்: மில்லுக்காரரின் சம்சாரத்துக்கு நெஞ்சுவலி. விஷயம் தெரிந்து கோதையும் டிரைவரும் ஓடிவருகிறார்கள். கொட்டுகிற மழை. கோதை உள்ளே ஓடிவிட்டாள். டிரைவர் மட்டும் வாசல்படிக்குக் கீழே நனைந்துகொண்டு. மில்லுக்காரர் கதவருகே. பேச்சே இல்லை. வயலின் மட்டும்.

"யாரு மொகம்?"

"மில்லுக்காரர்."

"எப்படி இருக்கு?"

"பார்த்துக்கிட்டிருக்காரு."

"மாப்பிள்ளையையா? என்ன பண்றாருங்க? சொல்லுங்களேன்."

திரையில் அவர் அந்தப் பையனை உள்ளங்காலிலிருந்து உச்சி வரை ஒரு பார்வை பார்த்தார். செருப்பில்லாத சேற்றுக் காலைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. பார்த்திருக்க முடியாது. அப்படிப் பார்க்கிறவனுக்குத் தன் முகம் தெரியாதே.

"கையப் பிடிச்சுக்கிட்டாரு" என்றேன்.

"நெசமாவா?"

"ரெண்டு கையாலயும். கண்ணுல தண்ணி."

அந்த நேரம் மில்லுக்காரர் கதவைச் சாத்தினார். டமால் என்று சத்தம்.

"அது என்ன?"

"இடி" என்றேன்.

தொடரும் போட்டுவிட்டார்கள். நான் ஏன் சொன்னேன்? முன்கூட்டி யோசித்ததில்லை, சத்தியமாக. நாக்கில் வந்தது. என்ன நடந்தால் பார்க்க நன்றாக இருக்குமோ அது வந்தது.

திரும்பிப் பார்த்தால் ரூபி அழுதுகொண்டிருக்கிறாள். கறுப்புக் கண்ணாடியின் கீழே தண்ணீர் இறங்குகிறது. "எனக்குத் தெரியும், அந்தாளு உள்ளுக்குள்ள நல்லவர்னு" என்கிறாள். முந்தானையை எடுத்துக் கண்ணாடிக்குள் விட்டுத் துடைத்தாள். துடைத்தாளா, கசக்கினாளா? ஆபரேஷன் கண். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"ஒண்ணுமில்லீங்க. சந்தோஷத்துலதான்."


ஜூலை 10, வியாழன்

காலையில் கண் சிவந்திருக்கிறது. மிளகாய்ப்பழம் மாதிரி. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. டோக்கன் நாற்பத்தாறு. இரண்டு மணி நேரம் பெஞ்சில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ரூபி கோதை கதை முழுக்கச் சொன்னாள், கை பிடித்த இடம் உட்பட. அந்த அம்மா சீரியல் பார்ப்பதில்லை போலும். "ஒள்ளேதாயித்து, ஒள்ளேதாயித்து" என்று தலையாட்டினார், நல்லதாயிற்று என்று.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். பயமில்லை. உரசலில் வந்த சிவப்பு, தையல் எதுவும் விலகவில்லை. "அழுதீங்களாம்மா?" என்றார். ரூபி, "சீரியல் டாக்டர்" என்றாள். "பாக்கக் கூடாதுன்னு சொன்னேனே." "நான் பாக்கல டாக்டர். இவர் பாத்துச் சொன்னாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். வகுப்பில் திருட்டுத்தனமாக நோட்டைப் பார்த்து எழுதிய பையன்களை நான் எத்தனையோ தடவை நிற்க வைத்திருக்கிறேன். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்று தெரிந்தது.

மத்தியானம் ஷீபா போன், கண் எப்படி இருக்கிறதென்று. ஸ்பீக்கர். நான் பச்சை மூடி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

ரூபி: "நேத்துப் பாத்தியாடி? அந்த மில்லுக்காரரே எறங்கி வந்துட்டாரு பாரு. மருமவன் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாராமே. மனுஷன் மாறாம இருப்பானா? நீ ஆல்வின்கிட்ட சொல்லு..."

ஷீபா: "என்னம்மா ஒளர்ற? மூஞ்சில அடிச்ச மாதிரி கதவச் சாத்திட்டாரு. நான் டூட்டி ரூம்ல மொபைல்ல பாத்தேன்."

"இல்லடி. கையப் புடிச்சுக்கிட்டு..."

"யாரு சொன்னா?"

ரூபி என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அப்பா சொன்னாரா?" சின்னதாக ஒரு சிரிப்பு. சந்தோஷச் சிரிப்பில்லை. "அப்பாவா? அப்பா அங்க இருக்காரா?"

"இல்ல. கடைக்குப் போயிருக்காரு" என்றாள் ரூபி.

கடைக்குப் போனவன் ஒரு முழ தூரத்தில் மருந்துப் புட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். போனை வைத்ததும் அவள் தலையை அண்ணாந்து கண்ணைக் காட்டினாள். நான் மருந்தை ஊற்றினேன். இரண்டு சொட்டு கன்னத்தில். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவள் கேட்டிருந்தால் தேவலை.

ஏழரைக்கு முந்தின நாள் காட்சியை மறுபடி போட்டார்கள். கதவு. டமால். ரூபி திரும்பவில்லை. "இடியா?" என்று மட்டும் கேட்டாள். இன்றைய எபிசோடில் என்ன நடந்ததென்றே எனக்குத் தெரியாது. மார்க் போடவில்லை.


ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம். ஆஷாட வெள்ளி, நம் ஆடி வெள்ளி மாதிரி; விடிவதற்கு முன்பே தெருவில் மலைமேல் அம்மன் கோயிலுக்குப் போகிற சத்தம். ஜயம்மா வீட்டில் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு வரை வரிசையாம். மருந்துக்கடைக்குப் போக ஆட்டோ கிடைக்காமல் நடந்தே போய் வந்தேன்.

பதினோரு மணி. வெள்ளை மூடி போட்டாயிற்று. ஐந்து நிமிஷம் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். படுத்தபடியே பேசினாள். நேற்றே திட்டியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இது அதைவிட மோசம்.

"நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு ராத்திரி யோசிச்சேனுங்க. உங்களுக்கு அப்படி நடக்கோணும்னு ஆசை. உங்க மனசுல இருக்கறதுதான் வாயில வந்திருக்குது. நீங்க நல்லவருங்க. சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். அன்னைக்குப் பேஜார்னு சொன்னதும் அப்படித்தான். அது போய்த் தப்பாப் புரிஞ்சு..."

அவள் கண் மூடியிருந்தது. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"ரூபி, அது மைசூர் பேஜார் இல்ல. மெட்ராஸ் பேஜார்தான்."

குக்கர் சத்தம் போட்டது. போய் அணைத்துவிட்டு வந்தேன்.

மீதியையும் சொன்னேன். அன்று போனில் இருந்தது என் தம்பி. முப்பது வருஷமாக மெட்ராஸில் இருப்பவன். அவனோடு பேசினால் என் வாயிலும் மெட்ராஸ் பேச்சு வந்துவிடும். யாரோடு பேசினேன் என்று ரூபி அன்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பத்து நாளும் ஆல்வின் என் கண்ணில் முள்ளாகத்தான் இருந்தான். பெண் பி.எஸ்ஸி. நர்சிங், அவன் டிப்ளமோ படித்த லிஃப்ட் மெக்கானிக். சத்தமாகச் சிரிப்பான். சோற்றில் குழி பண்ணிச் சாம்பாரை ஊற்றிச் சாப்பிடுவான். கேட்காமலே என் மேஜை விசிறியைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் செய்தான். ரிப்பேர் ஆகிவிட்டது, அதுவும் பிடிக்கவில்லை. எங்கள் சபைக்காரர்களைத் "தலைவா" என்றான். அவன் எப்போது போவான் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். தம்பியிடம் சொன்னது அதைத்தான். அப்புறம் ரூபி "நம்மூர் பேச்சுல அப்படித்தானே" என்று ஒரு வழி காட்டினாள். சுலபமான வழி. போய் நின்றுகொண்டேன்.

ரூபி எழுந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"நான் ஆல்வின் அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேனுங்க" என்றாள். "பைபிள் மேல கைய வெச்சு. சத்தியமே பண்ணக் கூடாதுன்னு வேதத்துல இருக்குது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பண்ணுனேன். எம் புருஷன் அப்படிப்பட்டவர் இல்லைன்னு."

பச்சை மூடிக்கு நேரமானபோது புட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தானே அண்ணாந்து தானே ஊற்றிக்கொண்டாள். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. இரண்டாவது நெற்றியில். மூன்றாவது சரியாக விழுந்தது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறெப்படி எழுதினாலும் இதுதான்.


ஜூலை 12, சனி

மழை. சாதம் குழைந்துவிட்டது. கேபிள்காரன் வந்தான். அவனிடம் மட்டும் இருவரும் மாறி மாறிப் பேசினோம்.

ஏழரைக்கு ரூபி வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். வயலின் வந்தது, இடி வந்தது, மூன்று நிமிஷம் முகமாக வந்தது. அவள் கேட்கவில்லை. ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. கண்மை அத்தை சிரித்தாள், கோதை மயங்கி விழுந்தாள், மில்லுக்காரர் பீரோவைத் திறந்தார். எல்லாவற்றையும் நான் ஒருத்தனே பார்த்தேன்.

கடைசியில் மில்லுக்காரர் அட்டிகையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து நிற்கிறார். எல்லாரும் இருக்கிறார்கள். வாயைத் திறக்கிறார். தொடரும்.

இந்த ஆளுக்குச் செவ்வாய்க்கிழமை பத்து மார்க் போட்டவன் நான். ஐந்து நாளில் இவன் வாயைத் திறந்துவிட்டான். எனக்கு இரண்டரை வருஷம்.


ஜூலை 13, ஞாயிறு

வெயில். ரூபிக்குக் கூட்டத்துக்குப் போக அனுமதி இல்லை. தனியாக ஆராதனைக்குப் போனேன். பாவ அறிக்கையை எல்லாரோடும் சேர்ந்து வாய்விட்டுச் சொன்னேன். எல்லாரோடும் சேர்ந்து சொல்வது சுலபம். இத்தனை வருஷம் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன்.

திரும்பி வந்து வாசலிலேயே நின்று ஆல்வினுக்குப் போன் போட்டேன். உள்ளே போனால் போடமாட்டேன் என்று தெரியும். அவர் நம்பர் என் போனில் இல்லை. ஷீபா கல்யாணப் பத்திரிகையின் பின்னால் எழுதி வைத்திருந்ததை பர்ஸில் எடுத்துப் போயிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையும் வேலை. பின்னால் இரும்புச் சத்தம்.

"மாப்பிள்ளை, நான் மைசூர்லேருந்து."

"மாமா? அத்தைக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல, இல்ல. ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் பேசினதை நீங்க தப்பாப் புரிஞ்சுக்கல. சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டீங்க. மெட்ராஸ் அர்த்தத்துலதான் சொன்னேன்."

யாரோ "அண்ணே, கேபின மேல ஏத்தவா?" என்று கேட்பது காதில் விழுந்தது. "இரு" என்றார். அப்புறம் நடக்கிற சத்தம். இரும்புச் சத்தம் தூரமாகப் போனது.

"தெரியும் மாமா."

நான் மன்னிப்பு என்ற வார்த்தையை எடுக்கப் பார்த்தேன். அவரே பேசினார். கோபமாக இல்லை.

"திட்டுனது கூட ஒண்ணுமில்ல மாமா. எங்கப்பா பக்கவாதம் வந்து படுத்துனு இருக்காரு, படுத்துனே அதவிட மோசமா திட்டுறாரு. அதெல்லாம் தாங்கிக்கலாம். நான் கேட்டதே தப்புன்னு சொன்னீங்க பாருங்க. எல்லாரும் சொன்னாங்க. அத்தை சொன்னாங்க, எங்கம்மா சொன்னாங்க, ஷீபாவும் சொன்னா. பேஜார்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா மாமா? ஒரு கட்டத்துல எனக்கே டவுட்டு வந்துச்சு, நம்ம காதுதான் சரியில்லியோன்னு. நீங்க ஷீபா போனுக்கு டிக்‌ஷனரி போட்டோ ஒண்ணு அனுப்புனீங்க, எனக்குக் காட்டச் சொல்லி. செவப்புப் பேனால கோடு போட்டு."

ஆம். அனுப்பினேன். கன்னட அகராதியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, வருத்தம் என்ற அர்த்தத்துக்குக் கீழே கோடு போட்டு, கீழே "கற்றுக்கொள்ளவும்" என்று ஒரு வரியும் எழுதி. முதல் வருஷக் கிறிஸ்துமஸ் சமயம். வெள்ளிக்கிழமை ரூபியிடம் எல்லாம் சொன்னதாக எழுதியிருக்கிறேனே, இதைச் சொல்லவில்லை. இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

"தப்புதான் மாப்பிள்ளை" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"சரி மாமா" என்றார்.

பிரசவத்தைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதையும் அவர்தான் எடுத்தார். "ஷீபாவ அங்க அனுப்பக் கூடாதுன்னு நான் எப்பவும் சொல்லல மாமா. அவளாத்தான் வரலன்னா. நான் பேசறேன். இருபதாந்தேதி ரயிலேத்தி வுடறேன்." கொஞ்சம் நிறுத்தி, "அத்தை கண்ணு எப்படி இருக்கு? செவந்துச்சுன்னு ஷீபா சொன்னா" என்றார்.

நன்றாக இருக்கிறது என்றேன். நீங்களும் வாங்க என்று சொல்ல நினைத்தேன். "லிஃப்ட்ல ஆள் நிக்குது மாமா, வெக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். ரூபி எப்போதோ சொல்லியிருப்பாள்; நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பேன். அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போனை வைத்த பிறகுதான் தோன்றியது.